திருவாகன விளக்கம்

சைவப் பிள்ளைகளுக்குச் சமயங் கற்பிக்கும் ஆசிரியர்கள் வகுப்பிலே எதிர்கொள்ளும் வினாக்களுள் வாகனத்தைப் பற்றியது ஒன்று. "இத்துணைப் பெரிய பிள்ளையார் ஓர் எலியின்மேல் ஏறுவது எங்ஙனம்?" என்று சிறுபிள்ளை கேட்கும். "நாம் மாட்டை வணங்குகின்றோமா?" என்று சற்றே வளர்ந்த பிள்ளை கேட்கும். விடத்தல்தீவு முதலாக இம்மன்னார்க் கரையிலே சைவரும் கத்தோலிக்கரும் இசுலாமியரும் அயலயலே வாழும் ஊர்களில், இவ்வினா அயல்வீட்டுத் தோழரிடமிருந்தும் வரும். அவர் பகைமையாற் கேட்கிறாரல்லர். அறியும் விருப்பினாலே கேட்கிறார். விடைகூறுங் கடன் நம்முடையது. "அது பெரியோர் வைத்த வழக்கம்" என்று சொல்லிவிடுதல் விடையாகாது. விடையறியாத பிள்ளை முதலிலே நாணும்; பின்னர் வினாவுதலை விடும்; அதன்பின் கோயிலுக்குப் போதலையும் விடும். ஆதலால் வாகனத்தின் கருத்தையும், அதனை ஆக்குந் தொழிலின் முறைமையையும், அவ்விரண்டையும் வகுப்பிலே கற்பிக்கும் வழியையும் ஆசிரியர்க்குப் பயன்படுமாறு இங்கே சுருக்கி எழுதுகின்றோம்.

1. வாகனமாவது யாது?

வாகனம் என்னும் வடமொழிச் சொல்லுக்குச் சுமந்து செல்வது என்பது பொருள். தமிழிலே ஊர்தி என்பர். இச்சொற்பொருளைப் பிள்ளைகள் மனத்தில் முதற்கண் பதித்தல் வேண்டும். கோயிலிலே வழிபடப்படுவது மூர்த்தி. அம்மூர்த்தியைத் தாங்குவது வாகனம். தாங்கப்படுவோன் ஆண்டான், தாங்குவது அடிமை. அடியாரை வணங்குதல் சைவத்துக்கு உடன்பாடாதலின், வாகனத்துக்கும் மலரிட்டுத் தூபதீபங் காட்டுகின்றோம். அவ்வழிபாடு இறைவனைத் தாங்குந் தொண்டினை நோக்கியது என்க.

சைவசித்தாந்தம் பதி, பசு, பாசம் என முப்பொருள் கூறும். பசு என்பது பாசத்தாற் கட்டுண்ட ஆன்மா. அச்சொல்லே ஆனினத்துக்கும் பெயராய் வழங்குதலை நோக்குக. சிவபெருமான் பசுபதி, அவருடைய ஊர்தி இடபம். கட்டுண்டு கிடந்த பசு, கட்டு நெகிழ்ந்து, தன் தலைவனைத் தாங்கி நிற்கும் நிலையே இடபவாகனத்தின் கருத்தாம். ஊழிக்காலத்திலே எல்லாம் ஒடுங்க, தான் அழியாதிருத்தலை விரும்பிய தருமதேவதை இடபவடிவு கொண்டு சிவபெருமானைத் தாங்கிற்று என்பது புராண வரலாறு. தருமம் இறைவனைத் தாங்குதலினாலே தானும் நிலைபெற்றது என்பது அவ்வரலாற்றின் பயன்.

இங்கே ஆசிரியர் மூன்றனை வேறுபிரித்துக் காட்டல் வேண்டும். மூலத்தானத்தை நோக்கிப் படுத்திருக்கும் கல்நந்தி ஒன்று. இடபமுகமும் மனிதவுடலுங் கொண்டு, இரு கைகளையும் நீட்டிச் சுவாமியைத் தாங்கும் அதிகாரநந்தி ஒன்று. திருவிழாவிலே வீதிவலம் வரும் இடபவாகனம் ஒன்று. முதலாவது, உலகத்துக்குப் புறங்காட்டி இறைவனையே நோக்கும் ஆன்மாவைக் குறிக்கும். இரண்டாவது, திருக்கயிலையின் வாயில் காப்பவரும் சைவ குருமரபின் முதல்வருமாகிய நந்தியெம்பெருமானைக் குறிக்கும். மயிலாப்பூர்க் கபாலீசுவரர் கோயிலிலே 1917ஆம் ஆண்டு செய்துவைக்கப்பட்ட வெள்ளி அதிகாரநந்தி இவ்வகையிலே பெயர்பெற்றது. மூன்றாவது, கோயிலுக்கு வரமாட்டாத முதியோரும் நோயாளரும் தத்தம் வாயிலிலே நின்று வணங்கும்படி இறைவனை வீதிக்குக் கொண்டுவருவது. மூன்றனையும் ஒன்றாகக் கருதும் மாணாக்கர் பலர்.

இடபம் பண்டுதொட்டே சிவபெருமானுக்கு உரியதென்பதற்குச் சான்று பல. ஏறக்குறைய 1900 ஆண்டுகளுக்கு முன் வடநாட்டை ஆண்ட குசாண வேந்தன் வீமகட்பீசனுடைய நாணயங்களிலே சிவபெருமான் இடபத்தோடு காணப்படுகின்றார். பல்லவர் இடபத்தை இலச்சினையாகக் கொண்டனர். யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்திகள் வெளியிட்ட நாணயங்களிலே படுத்திருக்கும் இடபமும் 'சேது' என்னும் எழுத்தும் பொறிக்கப்பட்டுள்ளன. இன்று சைவர் மனைகளிலே ஏற்றும் நந்திக்கொடியைப் பிள்ளைகள் அறிவர். அக்கொடியிலிருந்தே பாடத்தைத் தொடங்கலாம்.

2. தாங்குவோர் யாவர்?

வாகனங்களின் வரலாற்றை ஆராயுமிடத்து வியக்கத்தக்க ஓருண்மை புலப்படும். இறைவனைத் தாங்குவோருட் பலர் முன்னே அவனை எதிர்த்தோர். சூரபன்மன் கடல்நடுவே மாமரமாய் நின்று எதிர்த்தான். வேலினாலே பிளவுபட்ட இரு கூறுகளும் மயிலுஞ் சேவலுமாயின. மயிலை ஊர்தியாகவும் சேவலைக் கொடியாகவும் முருகப்பெருமான் ஏற்றருளினார். கயமுகாசுரன் பெருச்சாளியாய் வந்து பொருதான். பிள்ளையார் அவனை அடக்கி ஊர்தியாக்கினார். இவ்விரு வரலாறும் கச்சியப்ப சிவாசாரியார் அருளிய கந்தபுராணத்திலே விரிவாக உள்ளன. நம் கோயில்களிலே புராணபடனங் கேட்ட பிள்ளைகள் இவற்றை எளிதிலே நினைவுகூர்வர்.

கைலாசவாகனம் இவ்வுண்மைக்குத் தலையாய எடுத்துக்காட்டு. பத்துத் தலையும் இருபது கையும் உடைய இராவணன் கீழே நின்று தாங்க, கயிலைமலையின்மீது சுவாமி எழுந்தருளுவார். நல்லூர்க் கந்தசுவாமி கோயிலிலும் இவ்வாகனத் திருவிழா சிறப்பாக நிகழ்வது. மலையைப் பெயர்த்தெறியக் கருதிய இராவணன் இறைவனுடைய திருவிரலாலே நெரிப்புண்டு, இசைபாடி இரந்து, அருள்பெற்றான். பெயர்க்க எடுத்த கைகள் தாங்குங் கைகளாயின. அவன் இவ்விலங்கைக்கு வேந்தனாதலின், நம் பிள்ளைகள் அவனைப் பற்றிப் பலவாறு கேள்விப்பட்டிருப்பர். அவனை அளவிறந்து புகழாமலும் வெறுத்து நகையாமலும், செருக்கு அருளாலே தொண்டாக மாறிய நிலையைக் காட்டுவதற்கு இவ்வாகனத்தைக் கருவியாகக் கொள்ளுதல் நன்று.

இன்னும், உலகத்தார் இழிந்தனவாக எண்ணும் உயிர்களும் இவ்வரிசையிலே இடம்பெறுகின்றன. வைரவக்கடவுளுக்கு நாய், சனீசுவரனுக்குக் காகம், இயமனுக்கு எருமைக்கடா, சேட்டாதேவிக்குக் கழுதை. மன்னார் நகர வீதிகளிலே உடையவரின்றித் திரியுங் கழுதைகளைக் கல்லெறிந்து துரத்தும் பிள்ளைக்கு இதனை எடுத்துச் சொல்லுக. தெய்வத்துக்குத் தகாத உயிர் என்று ஒதுக்கத்தக்கது ஒன்றுமில்லை என்பது வாகன வரிசையினாலே நாம் பெறும் சீவகாருணிய பாடமாம்.

3. வாகனஞ் செய்யுந் தொழில்

கருத்தை மாத்திரம் கற்பித்து நிறுத்தினால் பாடம் பாதியிலே நின்றுவிடும். அக்கருத்தை மரத்திலே வடித்தவன் தச்சன். அவன் தொழிலுக்கு நூலுண்டு. மானசாரம் என்னுஞ் சிற்பநூல் அன்னம், கருடன், இடபம், சிங்கம் என்னும் நான்கு ஊர்திகளின் இலக்கணத்தை அடுத்தடுத்த நான்கு இயல்களிலே கூறுகின்றது. எட்டு யவை கொண்டது ஓர் அங்குலம். பன்னிரண்டு அங்குலங் கொண்டது ஒரு தாளம். எழுந்தருளும் மூர்த்தியின் அளவை நோக்கியே வாகனத்தின் அளவு கொள்ளப்படும். தாங்குவது தாங்கப்படுவதற்கு ஏற்ப அமைதல் வேண்டும் என்பதே அவ்வளவைக்குக் காரணம்.

மரந் தெரிதல் முதற்றொழில். எடை மிகாததும், உளிக்கு இணங்குவதும், வெடியாததும், செல்லரிப்புக்கு எளிதிலே இடங்கொடாததுமாகிய மரம் வேண்டும். இவையெல்லாம் ஒரு மரத்திலே முற்றும் அமைதல் அரிது. தமிழ்நாட்டிலே சேலம் மாவட்டத்துத் தம்மம்பட்டி மரச்சிற்பத்தாற் பெயர்பெற்றுப் புவிசார் குறியீடும் பெற்றவூர். அங்கே வாகை, மாவிலங்கை முதலிய நாட்டுமரங்களைக் கொள்வர். தேருக்கு இலுப்பையுந் தேக்கும் போல வன்மரம் வேண்டும். வாகனத்தைத் தோளிலே சுமப்பராதலின் அதற்கு மென்மையும் வேண்டப்படும்.

பெரிய வாகனம் ஒரே மரத்திற் குடையப்படுவதன்று. உடல் வேறு, தலை வேறு, கால் வேறு, வால் வேறாகச் செய்து, பொளியுங் கழுந்துமாக இசைத்துப் பொருத்துவர். உடலின் உட்புறம் வெறுமையாக விடப்படும். இதனைக் கரையூர்ப் பிள்ளைகளுக்கு விளக்குதல் மிக எளிது. அவர்கள் ஓடாவியார் வள்ளங் கட்டுதலைக் கண்டவர்கள். பலகையோடு பலகை இசைந்து, உள்ளே வெறுமையாய் இருத்தலினாலன்றோ வள்ளம் ஆளையும் வலையையும் மீனையுந் தாங்குகின்றது? முழுமரத்தைக் கடலிலே இட்டால் அது மிதக்கும். ஆயினும் பத்துப்பேரை ஏற்றிச் செல்லாது. வாகனமும் அத்தன்மைத்தே. உள்ளே நிறைந்த மரத்தை அகற்றிய பின்னரே அது தோளுக்கு இசைந்து மூர்த்தியைத் தாங்குகின்றது. யான் எனது என்னுஞ் செருக்கு நிறைந்த ஆன்மா இறைவனைத் தாங்கமாட்டாது என்பதனை இதனினுந் தெளிவாகக் காட்டும் உவமை வேறு வேண்டா.

அடுத்தது பாரத்தைச் சமன்செய்தல். மூர்த்தியும் திருவாசியும் அலங்காரமும் மேலே ஏறும், குருக்கள் உடன் நிற்பதும் உண்டு, காவுதண்டு முன்னும் பின்னுந் தாழ்ந்தெழும், வீதியோ மணல். முன்னங்கால்களை உயர்த்திப் பாயுங் குதிரைவாகனத்திலே பாரம் முழுதும் பின்கால்களிலே தங்கும். ஆதலாற் சில குதிரைகளிலே வாலையும் நிலத்திலே ஊன்றச்செய்து மூன்றாம் தாங்கலாக்குவர். பார்ப்பவருக்கு அது அழகு. தச்சனுக்கு அது கணக்கு. இடபத்தின் திமில், அலைதாடி, மடிந்த குளம்பு, கழுத்துச் சலங்கைமாலை என்பனவெல்லாம் உயிருள்ள எருதை நாளும் நோக்கியவன் கையிலன்றி அமையா.

மயில்வாகனத்தை உற்றுநோக்குக. மயில் பாம்பை அலகிலேனும் காலிலேனும் பற்றியிருக்கும். பாம்போ இறந்து கிடப்பதில்லை. படம் விரித்தே இருக்கும். ஆணவமலம் முத்தியிலும் முற்றாக இல்லாதொழிவதில்லை, அதன் வலியே அடங்கும் என்பது சித்தாந்தத் துணிபு. நூலிலே பிள்ளைகளுக்கு அரிதாய் நிற்கும் இப்பொருளை அந்த மரப்பாம்பிலே காட்டிவிடலாம்.

சீவி மினுக்கி, மூட்டுக்களை அடைத்து, வருணந் தீட்டிய பின்னர், கடைசியிலே கண் திறக்கப்படும். அதன்பின் குருக்கள் கிரியைகளை முடிக்க, வெள்ளோட்டம் நிகழும். கண் திறக்குமுன் அது தச்சன் பட்டறையிலுள்ள மரம். வெள்ளோட்டத்தின்பின் அது கோயிலின் தொண்டன். கொடியேற்றம் படைத்தலையும், வாகனத் திருவிழாக்கள் காத்தலையும், தேர் அழித்தலையுங் குறிக்கும் என்று ஆன்றோர் கூறுவர். ஆகவே வாகனம் வீதிக்கு வரும் நாட்களெல்லாம் இறைவன் உலகைக் காத்தருளும் நாட்களாம்.

4. அயற்சமயத்தார்க்கு விடை

யாம் இளமையிலே கிறித்தவ மிசனரிமார் தாபித்த பாடசாலையிலே பயின்றமையால், வேதாகமத்தையும் முறையாகப் படிக்க நேர்ந்தது. அப்பயிற்சி இவ்விடத்திலே பயன்படுகின்றது. எசேக்கியேல் என்னுந் தீர்க்கதரிசி கண்ட காட்சியிலே, மனிதமுகம், சிங்கமுகம், எருதுமுகம், கழுகுமுகம் உடைய நான்கு உயிர்கள் தெய்வ சிங்காசனத்தின்கீழ் நிற்கின்றன. சுவிசேடகர் நால்வருள் மாற்குக்குச் சிங்கமும், லூக்காவுக்கு எருதும், யோவானுக்குக் கழுகும் அடையாளமாகத் தேவாலயங்களிலே தீட்டப்படுகின்றன. இயேசுநாதர் எருசலேமுக்குக் கழுதையின்மேல் எழுந்தருளியதைக் குருத்தோலை ஞாயிறுதோறும் நினைவுகூர்கின்றனர். அவ்வெருதையுங் கழுதையையும் அவர்கள் தெய்வமென்று கொள்கிறார்களா? இல்லை. அங்ஙனமே நாமும் கொள்வதில்லை என்று சொன்னால் நேர்மையுள்ள கத்தோலிக்க நண்பர் உடனே தெளிவர். இன்றைய துருக்கியிலுள்ள யசிலிகாயா என்னும் பாறைக்கோயிலிலே, 3200 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த இத்தைத்தியர் தம் தேவியை விலங்கின்மேல் நிற்கும் வடிவிலே செதுக்கியுள்ளனர். தெய்வத்தை உயிரொன்று தாங்குவதாகக் காணும் எண்ணம் பல நாட்டு மாந்தருக்கும் பொதுவாயிருந்தது. அதனைப் பசுபதிக் கொள்கையோடு பொருத்தி விளக்கியதே சைவத்தின் சிறப்பு.

இவ்விடையைக் கூறும்போது பிறர்சமயத்தை இகழுஞ் சொல் ஒன்றும் கலத்தலாகாது. இகழ்ச்சியோடு கூறிய விடை உண்மையேயாயினும் கேட்பவர் நெஞ்சிலே தங்காது.

5. கல்லும் மரமும்

விடத்தல்தீவுக்குத் தெற்கே, மாதோட்டத்திலே, பாலாவிக்கரையில் விளங்குவது திருக்கேதீச்சரம். திருஞானசம்பந்தமூர்த்தி நாயனாரும் சுந்தரமூர்த்தி நாயனாரும் திருப்பதிகம் அருளிய இத்தலம் போர்த்துக்கேயர் காலத்திலே அழிந்தது. அதனை மீட்டெடுக்குமாறு ஆறுமுகநாவலரவர்கள் 1872ஆம் ஆண்டிலே சைவமக்களை வேண்டினார்கள். 1948இலே திருப்பணிச்சபை அமைந்தது. 1976இலே குடமுழுக்கு நடந்தது. 1990இன் பின் போர்க்காலத்திலே மீண்டும் இன்னலுற்றது. போரின்பின் இந்திய அரசின் உதவியோடு மாமல்லபுரத்துச் சிற்பக்கல்லூரியார் கருங்கற்றிருப்பணி செய்ய, 2022ஆம் ஆண்டு யூலை மாதத்திலே குடமுழுக்கு இனிதே நிறைவேறிற்று. கல் வீழ்ந்தாலும் மீண்டும் எழும் என்பதற்கு இத்தலமே சான்று.

மரத்தின் நிலைமை வேறு. 2007, 2008ஆம் ஆண்டுகளிலே மன்னார்ப் பெருநிலத்து மக்கள் ஊர்விட்டுப் பெயர்ந்தார்கள். அத்தகைய காலத்திலே எழுந்தருளி விக்கிரகத்தை மடியிலே ஏந்திச் செல்லலாம். வாகனத்தை ஏந்திச் செல்வது எங்ஙனம்? கூரையற்ற மண்டபத்திலே இரண்டு மாரி நனைந்தால் மரம் உக்கும். உப்புக்காற்று இரும்பாணியைத் தின்னும். எஞ்சியதைச் செல் அரிக்கும். மண்ணிலே புதைந்த கல்லை நூறாண்டு கழித்தும் அகழ்ந்தெடுக்கலாம். உக்கிய மரத்தை அகழ்ந்தெடுப்பார் இல்லை.

எஞ்சியவற்றுக்கு வேறு இரண்டு கேடுகள் உள. ஒன்று, திருவிழாத்தோறும் பழைய வருணத்தைச் சுரண்டாமல் அதன்மேலேயே கனத்த பூச்சைப் பூசுதல். இதனால் உளியின் கோடுகள் மறைந்து முகம் மழுங்குகின்றது. மற்றொன்று, பழுதான வாகனத்தைச் செப்பஞ்செய்யாமல் விறகாக்குதலும் விற்றுவிடுதலும். இக்காலத்திலே பைபர் என்னும் நாரிழைப்பொருளினால் வார்த்த வாகனங்கள் விற்பனைக்கு வருகின்றன. அவை இலேசானவை, விலையுங் குறைவு. போராலே நலிந்த சிற்றூர்க் கோயில் அதனை வாங்கினால் யாம் குறைகூறோம். சுவாமி வீதிவலம் வருதல் அதனினும் முக்கியம். ஆயினும், கையிலே பழைய மரவாகனம் இருக்கவும் அதனை எறிந்துவிட்டு வார்ப்பை வாங்குதல் தகாது. மரத்திலே கால் முறிந்தால் புதுக்கால் பொருத்தலாம். அக்காலைப் பொருத்தும் அளவுக்குத் தொழிலறிந்தவனும் ஊரிலே வேண்டும். வேலையில்லாத தொழில் இரண்டு தலைமுறைக்குமேல் நில்லாது.

6. பாடம் நடத்துமாறு

இப்பாடத்தை வகுப்பறையிலே தொடங்கிக் கோயிலின் வாகனசாலையிலே முடித்தல் வேண்டும். குருக்களிடமும் தருமகருத்தாவிடமும் முன்னரே அநுமதி பெறுக. பிள்ளைகளைச் சிறு கூட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு வாகனத்தைக் கொடுக்க. அவர்கள் அதனைத் தொடாமல் நோக்கி வரைக. நீளம், உயரம், அகலம் என்பவற்றைப் பெரியோர் ஒருவர் அளந்து சொல்ல, பிள்ளைகள் எழுதுக. பீடத்திலே உபயகாரர் பெயரும் ஆண்டும் எழுதப்பட்டிருப்பின் எழுத்துப்பிழையையுந் திருத்தாமல் அப்படியே பெயர்த்தெழுதுக. மரம் யாது, செய்தவர் எவ்வூரார், எத்திருவிழாவிலே எழுந்தருளுவது என்பவற்றை ஊர்முதியோரிடம் கேட்டுச் சேர்க்க. போரிலே அழிந்த வாகனம் உண்டாயின் அதனையும் முதியோர் சொற்படி எழுதி வைக்க. ஏட்டின் ஒரு படி கோயிலிலும் ஒரு படி பாடசாலையிலும் இருத்தல் நலம். ஒரு தவணைக்குள் முடியத்தக்க இவ்வேலையினாலே, ஓரூரின் வாகன வரலாறு அழியாமல் நிற்கும்.

பின்வரும் வினாவிடையை மனனஞ் செய்விக்கலாம்.

வினா: வாகனத்தை நாம் வணங்குகின்றோமா?
விடை: இறைவனை வணங்குகின்றோம். இறைவனைத் தாங்குந் தொண்டுபற்றி வாகனத்தை அடியாராக மதிக்கின்றோம்.

வினா: பெரிய பிள்ளையார் சிறிய பெருச்சாளியின்மேல் எழுந்தருளுவது எப்படி?
விடை: பெருச்சாளி கயமுகாசுரனுடைய அடங்கிய வடிவம். தாங்கும் வலிமை அதனுடையதன்று, திருவருள் கொடுத்தது.

வினா: மயில் பற்றிய பாம்பு ஏன் இறக்கவில்லை?
விடை: ஆணவம் அழிவதில்லை, அருளின்முன் அதன் வலி அடங்கும்.

வினா: வாகனத்தின் உள்ளே வெறுமையாய் இருப்பது ஏன்?
விடை: இலேசாய் நின்று தாங்குதற்பொருட்டு. நாமும் செருக்கு நீங்கினால் இறைவனைத் தாங்கலாம்.

வினா: உழவியந்திரத்திலே ஏற்றி இழுத்தல் எளிதாயிருக்க, தோளிலே சுமப்பது ஏன்?
விடை: சுமப்பவருந் தொண்டராதற்பொருட்டு. ஆள் இல்லாவிடத்து வேறுவழி கொள்ளலாம். ஆளிருக்கத் தோள் கொடாதிருத்தல் குறை.

ஆசிரியர்களே, இக்கடைசி விடையைச் சற்றே சிந்தியுங்கள். வாகனத்தின்கீழே காவுதண்டைத் தாங்கி நிற்கும் இளைஞர் முகத்தை வீதியிலே ஒருவரும் நோக்குவதில்லை. அவர் தோள் மாறினால் மூர்த்தி சாயும். சமயபாடங் கற்பிப்போர் தொண்டும் அதுபோன்றதே. வருகின்ற திருவிழாவுக்கு முன்னே உங்கள் ஊர் வாகனசாலையின் கதவைத் திறப்பித்து, பிள்ளைகளை உள்ளே அழைத்துச் செல்லுங்கள்.

திருச்சிற்றம்பலம்.